வாப்பா விட்டுச்சென்ற வீடு

உஹதுப் போர்க்களத்தில் ஷஹீதானவர்களுள் ஒருவர் மதீனாவைச் சேர்ந்த ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள். அன்னாரின் மனைவி தம் இரு பெண் மக்களை அழைத்துக்கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமூகத்துக்கு வந்தார். இவர்களின் தந்தை தங்களுடன் நின்று போரிட்டு உயிர் நீத்தார். தந்தையின் சகோதரரோ சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். கையில் பொருளில்லாத இப்பெண்களுக்கு மணவாழ்வு எவ்வாறு அமையும் என்று முறையிட்டார். இறைவன் இதில் தீர்ப்பளிப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதிலுரைத்தார்கள். பின்னர் அன்னிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் அருளப்பெற்றது. அச்சகோதரரை வரவழைத்து, மூன்றில் இரண்டு பங்கைப் பெண் மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை அவர் எடுத்துக்கொள்ளுமாறு பெருமானார் பணித்தார்கள். திர்மிதீ, அபூதாவூது ஆகிய நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

அன்று அந்தத் தாய் துணிந்து வந்து கேட்டார். இன்று நம் இல்லங்களில் எத்தனை பெண்கள் கேட்கிறார்கள்? வாப்பா வஃபாத்தாகி நாற்பது நாள் ஆவதற்குள் பட்டா ஆண்மக்கள் பெயருக்கு மாறிவிடுகிறது. மகளுக்கு அதில் பங்குண்டு என்ற பேச்சே எழுவதில்லை. எழுந்தால் அது குடும்பத்தைப் பிரிக்கும் பேச்சாகிவிடுகிறது. ஆகவே நிலம், வீடு ஆகியவற்றில் உடைமை என்பது எப்போது, யாரிடம் சென்று சேர்கிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

தந்தை உயிருடன் இருக்கும்வரை சொத்து அவருடையது மட்டுமே. பிறந்ததனாலேயே தந்தையின் சொத்தில் மகனுக்கு உரிமை உண்டாகும் என்ற கோட்பாடு ஷரீஅத்தில் இல்லை. அவர் கண்மூடிய அக்கணமே உடைமை வாரிசுகளைச் சென்றடைந்துவிடுகிறது. அதற்குப் பத்திரமோ, பட்டாவோ, ஜமாஅத்தின் தீர்மானமோ தேவையில்லை. கபன், அடக்கச் செலவு, கடன், இவை போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவற்றைக் கழித்து எஞ்சுவதே பங்கீட்டுக்கு உரியது. மனைவிக்குக் கொடுபடாமல் நிற்கும் மஹரும் கடன்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒருவர் மனைவியையும், இரண்டு ஆண் மக்களையும், மூன்று பெண் மக்களையும் விட்டுச் சென்றார் என்று கொள்வோம். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். வீட்டை எட்டுப் பங்காக்கினால் மனைவிக்கு ஒன்று, ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு. மூன்று பெண்களும் தாயும் சேர்ந்து அவ்வீட்டில் சரிபாதிக்கு உடையவர்கள்! அதுவும் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் அன்று. பாகம் பிரிக்கும்வரை ஒவ்வொரு செங்கல்லிலும், ஒவ்வொரு பிடி மண்ணிலும் எட்டில் ஒன்று அவரவருக்கு உரியது. முன்புறம் கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அவ்வாடகையும் இதே கணக்கில் பிரிய வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறாக நிற்கவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் வேளாண் நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. எனவே தமிழகத்தில் வயலுக்கும் தோப்புக்கும் வீட்டுக்கும் ஒரே ஃபராயிள் கணக்குத்தான். நிலம் ஆண்களுக்கு, நகை பெண்களுக்கு என்பது வெறும் ஊர் வழக்கம்.

சகோதரர்கள் சொல்லும் காரணங்கள் பல. பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது என்பார்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது உடைமையைத் தோற்றுவிப்பதில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. கலியாணத்தில் நகை போட்டோம் என்பார்கள். தந்தை தம் வாழ்நாளில் கொடுத்தது அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்க ஷரீஅத் இடந்தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்களே குடியிருக்கிறோம் என்பது அடுத்த வாதம். கூட்டு உடைமையாளருள் ஒருவர் குடியிருப்பது எல்லாருக்காகவும் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது. உனக்கு இதில் பங்கில்லை என்று சகோதரி அறிய வெளிப்படையாக மறுத்து, அதன்பின் 12 ஆண்டுகள் கழிந்தாலன்றிக் காலவரையறைச் சட்டத்தின்படி அவர் வழக்கு வீழாது. அப்படி வீழ்ந்தாலும் நீதிமன்றத்தின் கதவுதான் மூடுமேயன்றி, காலம் கடந்ததால் மட்டும் ஒருவர் உரிமை அழிவதில்லை என்பதே ஃபிக்ஹுக் கலையின் விதி. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமை நாளில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்ற ஹதீஸை அறிவித்தவர் ஸயீது இப்னு ஸைது (ரலி) அவர்கள். தம்மீது ஒரு பெண் நில வழக்குத் தொடுத்தபோது, இதைச் செவியுற்ற பின்னும் நான் அவள் நிலத்தை எடுப்பேனா என்று கேட்டார்கள் அந்த ஸஹாபி.

இவை எல்லாவற்றினும் மெல்லிய வழி ஒன்றுண்டு. அதுதான் விடுதலைப் பத்திரம். சகோதரியை வாகனத்தில் அழைத்துச் சென்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி, பிரியாணியும் ஒரு சேலையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தம் பங்கின் மதிப்பை அறிந்து, மனமொப்பி ஒரு பெண் விட்டுக்கொடுத்தால் அது செல்லும். ஈடு பெற்று விலகுவதற்கும் ஃபிக்ஹில் ‘தகாருஜ்’ என்ற முறை உண்டு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களின் மனைவியருள் ஒருவர் பெருந்தொகை பெற்று இவ்வாறு விலகிக்கொண்டார். ஆனால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ, நாளை தம் பிள்ளையின் கலியாணத்துக்கு மாமன் வராமற் போவாரோ என்ற அச்சத்தில் இட்ட கையெழுத்து மனமொப்பியது ஆகுமா? பத்திரம் செல்லுபடியாகலாம், ஹலால் ஆகுமா என்பது வேறு கேள்வி. தெரிந்தவர்கள் முதலில் பங்கைப் பிரித்து அவர் கையில் ஒப்படைப்பார்கள். அதன்பின் அவர் தாமாகத் திருப்பித் தந்தால் அதில் ஐயமில்லை.

தந்தை தம் வாழ்நாளிலேயே வீட்டை ஒருவருக்கு எழுதி வைப்பதும் உண்டு. அது ஹிபா. கொடுக்கிறேன் என்ற சொல், ஏற்றுக்கொண்டேன் என்ற சொல், பொருளை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். முஸ்லிம்களின் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமன்று என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் மீண்டும் உறுதி செய்தது. ஆயினும் பிற்காலத்துச் சச்சரவைத் தவிர்க்கப் பதிவு செய்வதே நல்லது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் உண்டல்லவா? இந்த வீடு உனக்குத்தான் என்று வாயால் சொன்னதோடு நின்று, ஒப்படைக்காமலே தந்தை மறைந்துவிட்டால் அவ்வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரிய சொத்தாகிவிடும். அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் அருமை மகள் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு 20 வஸக் பேரீச்சங்கனி அளித்திருந்தார்கள். மரணப் படுக்கையில், நீ அதைப் பறித்துக் கைக்கொண்டிருந்தால் உனதாகியிருக்கும், இன்றோ அது வாரிசுகளின் பொருள், உன் இரு சகோதரர்களுடனும் இரு சகோதரிகளுடனும் பங்கிட்டுக்கொள் என்று கூறிவிட்டார்கள். முவத்தாவில் இது வருகிறது. மக்களுள் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சி நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததையும் தந்தைமார் நினைவிற் கொள்க.

சிறிய வீட்டை எட்டாகப் பிரிக்க முடியாதே என்பார்கள். பிரிக்க வேண்டியதில்லை, விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம், அல்லது ஒருவர் மற்றவர் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். விலை என்பது வாங்கும் நாளின் சந்தை விலை. வாப்பா மனை வாங்கிய நாளின் விலையன்று. சகோதரி தம் பங்கை அயலாருக்கு விற்றுவிடுவாரோ என்று அஞ்சுவோர்க்கு ஷரீஅத் ‘ஷுஃப்ஆ’ என்ற முன்னுரிமையை வைத்திருக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளும் கூட்டுப் பங்காளிக்கு இதை ஒப்புகின்றன. அண்டை வீட்டாருக்கும் ஹனஃபி மத்ஹபு தருகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 1870இல் இதை ஏற்க மறுத்துவிட்டது. எனினும் குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அயலார் பாகம் கோரி வழக்கிட்டால், அப்பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆம் பிரிவில் மற்றப் பங்காளிகளுக்குத் தந்துள்ளது.