ஃபயர் பிட் வாங்கப் போறீங்களா? முதல்ல ஓட்டையைப் பாருங்க!

மார்கழிக் குளிர்ல ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது பழைய வழக்கம். இப்போ அதுக்குன்னே ‘ஃபயர் பிட்’ ஆன்லைன்ல கிடைக்குது. படத்துல எல்லாமே சூப்பரா இருக்கும். எது உழைக்கும், எது ரெண்டே மழையில் துருப்பிடிச்சு அடி கழன்றுவிடும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதுக்கு முன்னாடி விறகு எப்படி எரியுதுன்னு பார்த்துடுவோம். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூடானதும் வாயுவாக வெளியேறிவிடும். நாம பார்க்கிற தீக்கொழுந்து அந்த வாயு எரிவதுதான். மிச்சம் இருப்பது கரி. வாயுவுக்குப் போதுமான காற்றும் சூடும் கிடைக்கலைன்னா, எரியாமலே மேலே போயிடும். அதுதான் புகை. அதாவது, உங்க கண்ணைக் கரிக்கிறது நீங்க காசு கொடுத்து வாங்கின எரிபொருள்!

‘ஸ்மோக்லெஸ்’ என்று விற்கும் மாடல்களில் இரட்டைச் சுவர் இருக்கும். கீழே உள்ள ஓட்டைகளில் நுழையும் காற்று ரெண்டாகப் பிரியும். ஒரு பங்கு அடியிலிருந்து விறகுக்குப் போகும். இன்னொரு பங்கு ரெண்டு சுவருக்கும் நடுவே ஏறி, சூடாகி, உள்சுவரின் மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டைகள் வழியாகப் புகை மீது பாயும். புகை அங்கேயே பற்றிக்கொள்ளும். ஆகவே கீழேயும் மேலேயும் ஓட்டை இருக்கா, ரெண்டையும் இணைக்கிற வழி இருக்கான்னு பாருங்க. ஒற்றைச் சுவரில் அழகுக்குப் போட்ட துளைகள் இந்த வேலையைச் செய்யாது. மேல் ஓட்டையைத் தாண்டி விறகைக் குவிச்சாலும், ஈர விறகைப் போட்டாலும், எவ்வளவு நல்ல டிசைனும் புகையத்தான் செய்யும்.

இங்கே ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். புகை இல்லைன்னா விஷம் இல்லைன்னு அர்த்தம் கிடையாது. தீ அடங்கி வெறும் தணல் கனன்றுகொண்டிருக்கும்போது புகையே தெரியாது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ‘குளிருதேடா, தணலை ரூமுக்குள்ள வெச்சுப்போம்’ என்று கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமலே போயிருக்காங்க. டென்ட்டும் அப்படித்தான்.

அடுத்து உலோகம். 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. அதில் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல் இருப்பதால் சூட்டையும் மழையையும் தாங்கும். கடையில் ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க. பலமா ஒட்டினா அது 304 இல்லை. ஒட்டலைன்னு உடனே நம்பிடவும் வேண்டாம், விலை குறைந்த 200 சீரிஸும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்க. சாதா இரும்பு என்றால் 3 மி.மீ. தடிமனாவது வேணும், மெல்லிய தகடு சூட்டில் நெளிஞ்சுடும். அடியில் மழைத்தண்ணி வடிய வழி இருக்கணும். சாம்பலும் தண்ணியும் சேர்ந்து ஊறினா தகட்டை அரிச்சுடும்.

ஜிஐ வாளியில் ஓட்டை போட்டுச் செய்யும் ஐடியா மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், தணல் அதைச் சுலபமா தாண்டும். அந்தப் பூச்சிலிருந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வெல்டிங் பட்டறையில் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க.

பட்ஜெட் இல்லையா? காயலான் கடையில் பழைய வாஷிங் மெஷின் டிரம் தேடுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சுற்றிலும் ஏற்கெனவே ஓட்டை. இரட்டைச் சுவர் இல்லாததால் கொஞ்சம் புகையும், ஆனால் காற்றுக்குப் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் பாகங்களையும், பின்பக்கம் இருக்கும் அலுமினிய அச்சுத் தாங்கியையும் கழற்றிடணும், அலுமினியம் 660 டிகிரியில் உருகிடும். வெறும் மண் தரையில் மூணு செங்கல் வெச்சு, அதன் மேல் டிரம்மை நிறுத்தினா போதும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வைங்க.