பூசணம் பிடித்த தானியம் மாட்டுக்கும் வேண்டாம்



மழைக்காலம் வந்தால் நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம்தான். மூட்டைக்குள் கை விட்டால் சூடாக இருக்கும். கேழ்வரகோ மக்காச்சோளமோ கட்டி கட்டியாக வரும், மக்கின வாடை அடிக்கும். "அலசிக் காய வச்சா சரியாப் போயிடும்" என்போம். ரொம்ப மோசமாக இருந்தால் "மாட்டுக்குப் போட்டுடலாம்" என்போம். காசு கொடுத்து வாங்கியதை, வெயிலில் நின்று அறுத்ததைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ஆனால் இந்த இரண்டு வழக்கமும் எங்கே கொண்டு போய் விடும் என்பதை நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதை நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

1974-ஆம் வருடம் அக்டோபர் மாதம். ராஜஸ்தான் மாநிலத்தில் பன்ஸ்வாரா, குஜராத்தில் பஞ்ச்மகால் என்று அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்கள். பழங்குடி மக்கள் நிறைய வாழும் பகுதி. மக்காச்சோள ரொட்டிதான் அவர்களுக்கு மூன்று வேளையும். அந்த வருடம் அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. கதிர்கள் நனைந்து பூசணம் பூத்தன. காய வைக்க இடமில்லை, வேறு சாப்பாடும் இல்லை. அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை வந்தது, வயிற்றில் நீர் கோத்து வீங்கியது. ஒரே வீட்டில் பல பேர் படுத்தார்கள். 200-க்கு மேற்பட்ட கிராமங்களில் நோய் பரவியது. 397 பேர் நோயாளிகளாகக் கணக்கில் வந்தார்கள். அவர்களில் 106 பேர் இறந்து போனார்கள்.

முதலில் இதைத் தொற்றுக் காமாலை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இருந்து கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலான விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தார்கள். (இந்த நிறுவனம் 1918-ல் நம் நீலகிரி குன்னூரில்தான் ஆரம்பமானது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது.) அவர்கள் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. அந்த வீடுகளில் மீந்த ரொட்டியைத் தின்ற நாய்களும் அதே மாதிரி வயிறு வீங்கிச் செத்திருந்தன. அப்படியானால் கோளாறு சாப்பாட்டில்தான். மக்காச்சோளத்தைச் சோதித்தார்கள். ஒரு கிலோவில் 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளடாக்சின் என்ற விஷம் இருந்தது. இன்றைக்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தானியத்தில் அனுமதிக்கிற அளவைப் போல இது நூற்றுக்கணக்கான மடங்கு. 1975-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள்.

எதனால் இப்படி ஆனது என்பதற்கு மழை, தொடர்ந்த வறட்சி, சேமிக்க வசதி இல்லாதது, ஆபத்து தெரியாதது என்று நாலு காரணம் சொன்னார்கள். நம்மைக் கேட்டால் தெரியாத குறையைக் கடைசியில்தான் வைப்போம். தெரிந்திருந்தாலும் அந்த அம்மாக்கள் வேறு எதை ரொட்டி தட்டியிருப்பார்கள்?

இந்த விஷத்துக்குப் பேர் வந்த கதை வேறு ஊரில் நடந்தது. 1960-ல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. பிரேசில் நாட்டில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் இருந்தது. அந்தப் பேரைச் சுருக்கித்தான் அஃப்ளடாக்சின் என்றார்கள். 2004-ல் கென்யாவிலும் பூசண மக்காச்சோளம் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். பூசண விஷம் இது ஒன்றுதான் என்றும் இல்லை. 1987-ல் காஷ்மீரில் மழையில் நனைந்த கோதுமை, 1995-ல் தக்காணப் பகுதிக் கிராமங்களில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் வயிற்று வலி, பேதியைக் கொண்டு வந்தன. அவை வேறு பூசணங்களின் விஷம். இந்த இரண்டையும் ஆராய்ந்தவர்களில் ரமேஷ் பட் இருக்கிறார்.

நாம் கண்ணால் பார்க்கிற பச்சை, மஞ்சள், கருப்புப் பூசணம் வேறு, அது தானியத்துக்குள் விட்டுப் போகிற விஷம் வேறு. அலசினால், துடைத்தால் மேலே இருக்கிற பூசணம் போய்விடும். உள்ளே இறங்கிய விஷம் போகாது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் நம் அடுப்புச் சூட்டுக்கு அது முழுசாக அழியாது. "நல்லா வேக வச்சிட்டோமே" என்ற தைரியம் இங்கே செல்லாது.

ஒரு நாள் கொஞ்சம் சாப்பிட்டதால் யாருக்கும் உடனே எதுவும் ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். பன்ஸ்வாராவில் நடந்தது மிக அதிக அளவு, தினமும் சாப்பிட்டதால். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பது உறுதியான விஷயம். ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. அதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

இப்போது மாட்டு விஷயத்துக்கு வருவோம். பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர்ப் பக்கம் நம் குழுக்களில் கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்தவர்கள் எத்தனையோ பேர். மாடு தின்ற விஷம் மாட்டோடு நிற்பதில்லை. அதில் ஒரு பங்கு வேறு உருவம் எடுத்து ஒரே நாளில் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. பால் அதிகமாகக் குடிப்பது யார்? நம் பிள்ளைகள்தான்.

இது கற்பனை இல்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. 368 மாதிரிகளில் இந்த விஷம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. அதில் தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே எடுத்த 551-ல் 88. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகம் கண்டார்கள். ஆனால் பதப்படுத்துவதால் விஷம் வந்ததில்லை. தீவனத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று ஆணையமே சொன்னது. தண்ணீர் கலந்தால் பிடிக்கிறார்கள், கெட்டுப் போனால் திருப்பி அனுப்புகிறார்கள். புண்ணாக்கில் இருக்கிற பூசணத்தை வாங்குகிற நாம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தீவனக் கடையில் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்து வாங்க வெட்கப்படாதீர்கள். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. பூசணம் பிடித்த வைக்கோலும் வேண்டாம்.

வீட்டில் செய்யக் கூடியது என்று பார்த்தால், காய வைப்பதுதான் முதல் வேலை. ஈரம் இல்லாவிட்டால் பூசணம் வளராது. சொர்ணவாரி அறுப்பு மழையில் மாட்டிக் கொள்ளும்போது ஆளுக்கு ஒரு தார்ப்பாய் வாங்க முடியாவிட்டாலும் குழுவுக்கு ஒன்றாவது வாங்கலாம். தானியம் காய்ந்ததா என்று பார்க்க மிஷின் தேவையில்லை. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை தானியமும் கொஞ்சம் காய்ந்த தூள் உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் அதிகம், இன்னும் வெயில் வேண்டும். மூட்டையை வெறும் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும்.

வேர்க்கடலையில் விஷம் எல்லாப் பருப்பிலும் சமமாக இருக்காது. சுருங்கினது, நிறம் மாறினது, ஓட்டை விழுந்தது, இந்தச் சிலதில்தான் குவிந்திருக்கும். நம் பாட்டிமார் முறத்தில் புடைத்துச் சொத்தைக் கடலையைப் பொறுக்கிப் போட்டது வீண் வேலையில்லை. சத்துமாவு, கடலை மிட்டாய் செய்து விற்கும் குழுக்கள் இந்தப் பொறுக்கும் வேலைக்கு ஒரு ஆளைத் தனியாகவே வைக்கலாம். கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை. பொறுக்கியதைச் செக்குக்கு அனுப்புகிற வழக்கமும் சில இடத்தில் இருக்கிறது. அது கூடாது. சுத்திகரிக்காத எண்ணெயில் விஷம் தங்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படி வெள்ளத்தில் ஊறிப் பூசணம் பிடித்த மூட்டையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கோழிக்கும் போட வேண்டாம், கோழி மாட்டைவிடச் சீக்கிரம் பாதிக்கப்படும். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். கெட்ட தீவனம் ஏற்கெனவே மாட்டுக்குப் போய்விட்டது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு மூன்று நாலு நாளில் பாலில் விஷம் இறங்கிவிடும். அதுவரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம்.