நிலத்தடி உலோகங்களும் வரலாற்று மெய்ம்மையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சான்றுகள் பற்றிய ஒரு குறிப்பு

பழைய உலோகப் பொருளொன்று நிலத்திலிருந்து வெளிப்படும்போது கண்டெடுத்தவர் கேட்பது அதன் விலையை. ஊரார் கேட்பது அஃது எவ்வினத்தாருக்கு உரியது என்பதை. ஆய்வாளர் இவ்விரண்டுக்கும் முன்னர் கேட்க வேண்டியது வேறொன்று: அஃது எவ்விடத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது? உலோகங்காண் கருவிகள் தனியார் கைகளிலும் புழங்கும் இக்காலத்தில் இவ்வினாவை வற்புறுத்துதல் இன்றியமையாதது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மீது அமைந்தது. உலோகத் தாதுவளம் இங்கில்லை. ஆகவே இங்கு கிடைக்கும் பண்டைய செம்பும் இரும்பும் மூலப்பொருளளவிற் கடல்வழியாகவோ வன்னிநிலத்தின் ஊடாகவோ வந்தவையே. வந்த உலோகத்துக்கு ஈடாக இங்கிருந்து ஏதோ ஒரு விளைபொருளோ உழைப்போ சென்றிருத்தல் வேண்டும். எனவே துருவேறிய சிறு துண்டொன்றும் ஒரு பரிவர்த்தனை உறவின் சான்றாகும்.

கந்தரோடையை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டளவில் அங்கு ஆய்வு செய்த சேர் போல் ஈ. பீரிஸ் பழைய நாணயங்களோடு சிறிய செப்புக் கோல்களையும் கண்டார். இவை என்னவென்பது வெளிப்படையாகத் தெரியவில்லை. எகிப்தியர் கண்ணுக்கு மை தீட்டப் பயன்படுத்திய கோல்களை அவை ஒத்திருந்தமையை அவர் சுட்டினார். பயன்பாடு பற்றிய இவ்வடையாளங் காணல் ஏற்கத்தக்கதே. ஆயின் வடிவ ஒப்புமையிலிருந்து நேரடித் தொடர்பை முடிவு செய்தல் பொருந்தாது. அஞ்சனக்கோல்கள் சிந்துவெளியிலும் கிடைத்துள்ளன; ஒரே தேவை பல சமுதாயங்களில் ஒரே வடிவைத் தோற்றுவித்தல் இயல்பு. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு மேற்கொண்ட அகழ்வின் சிறப்பு, மண்ணடுக்கு முறைப்படி பொருள்களை நோக்கியமையாகும்.

சேது நாணயங்கள் இரண்டாவது எடுத்துக்காட்டு. ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் எருதும் அதன்கீழ் 'சேது' என்னும் தமிழ்ச் சொல்லும் கொண்டவை இவை. பெயரை மட்டும் நோக்கிய முன்னையோர் சிலர் இவற்றை இராமநாதபுரம் சேதுபதிகளுக்கு உரியவையாகக் கொண்டனர். சேதுபதிகள் அரசியல் வலிமை பெற்றது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். நாணயங்களின் அமைப்போ சோழ, பொலன்னறுவைக் காசு மரபைத் தொடர்வது. ஆரியச்சக்கரவர்த்திகளின் கொட்டகமக் கல்வெட்டும் 'சேது' என்றே தொடங்குகிறது. இவ்வாறான சான்றுகளை ஒருங்கே நோக்கியே முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் இவற்றை யாழ்ப்பாண அரசுக்கு உரியவையென நிறுவினர்.

எனினும் எந்த அரசனுடையது என்பதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. செப்புக் காசு சிறுமதிப்பினது. அரண்மனைப் பெருவணிகத்தைவிடச் சந்தையின் அன்றாடக் கொடுக்கல்வாங்கலுக்கே பொருந்துவது. 1344இல் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதா அவனிடம் முத்துக்களைக் கண்டார். அம்முத்துக்காக மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவனின் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை. அவன் போன்றோரின் கைகளில் புழங்கியிருக்கக்கூடிய காசே நமக்கு எஞ்சியுள்ளது.

மூன்றாவது, ஆனைக்கோட்டை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கே பெருங்கற்கால ஈமப்புதைப்பொன்றை அகழ்ந்தபோது சிறு முத்திரையொன்று கிடைத்தது. அதில் மேலே குறியீடுகள் மூன்றும் கீழே பிராமி எழுத்துகள் மூன்றும் உள்ளன. வாசிப்பிலே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அது மனித எலும்புக்கூட்டோடும் ஈமப்பொருள்களோடும் கிடைத்தமையால், எழுத்து யாருடைய வாழ்விற் புகுந்தது, சமுதாயத்தில் ஏற்றத்தாழ்வு எவ்வாறு தோன்றியது என்னும் வினாக்களை எழுப்ப முடிகின்றது. அதே முத்திரையை ஒருவர் தோண்டியெடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தால், மூன்று எழுத்துகள் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கும்.

கருவி 'இங்கே உலோகம் உண்டு' என்பதை மட்டுமே அறிவிக்கும், காலத்தை அறிவிக்காது. பித்தளை விளக்குக்குச் செய்வதுபோலப் புளியிட்டுத் தேய்ப்பின் காசின் எழுத்தே அழிந்துபோகலாம். இரும்பின் துருவைத் தட்டியகற்றின் வடிவமே உதிர்ந்துவிடும். கிடந்த நிலையிலேயே விட்டு, இடத்தைக் குறித்து, அறிவித்தலே முறை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அனுமதியின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவதைத் தடைசெய்கின்றது.

ஆயின் சட்டம் மட்டும் போதாது. தோட்டங் கொத்தும் கூலியாளே பெரும்பாலும் முதற் கண்டுபிடிப்பாளர். அவருக்கு அப்பொருள் ஒருநாட் கூலிக்குச் சமமாயின், பழைய உலோகம் நிறுத்து வாங்கும் வியாபாரியிடமே அது செல்லும், பின்னர் உருகும். அவரைக் குற்றவாளியாக்கும் நாம், அவருடைய முன்னோரின் உழைப்பைப் பேசும் சான்று அதுவென அவருக்கு எப்போதாவது விளக்கியிருக்கின்றோமா? இனப் பெருமைக்கு ஆதாரந் தேடுவோர் இவ்வுலோகங்களில் தத்தம் கொடியையே காண்பர். அவற்றை வார்த்தவனையும் சுமந்தவனையும் காண்பதே ஆய்வாளரின் கடன். அதனை மக்களிடம் எடுத்துச் செல்வதும் அவ்வாறே.