டிஸ்லெக்சியா இருந்தும் எழுத்தாளர் ஆவது எப்படி?

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லருக்கு, வாசிப்பைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியா இருந்தது. ஆனாலும் நூலகமே கதியென்று கிடந்தவர். 1995-இல், படைப்புத் திறனுக்காகத் தரப்படும் மெக்கார்தர் நல்கையும் பெற்றார். எப்படி?

பேச்சு குழந்தைக்குத் தானாக வரும். வாசிப்பு அப்படியல்ல, எழுத்து தோன்றியே சுமார் 5,000 ஆண்டுகள்தான். எழுத்தை ஒலியோடு இணைக்க மூளை பழகிப் பழகித்தான் பாதை போடுகிறது. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்குவது இந்த இணைப்புதான்; கண்ணுமல்ல, அறிவுமல்ல. ஆங்கிலம் வேறு படுத்தும்: ‘ஓ-யு-ஜி-எச்’ என்ற அதே நான்கெழுத்து ‘தோ’வில் ஓ, ‘த்ரூ’வில் ஊ, ‘டஃப்’பில் அஃப்!

கதை கட்டுவது வேறு திறன். அது காதால் கேட்டும் வளரும். திக்கித் திக்கி வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். ஒலிநூலைக் கொடுங்கள், கூடவே எழுத்து-ஒலிப் பயிற்சியும்.