நாலு டொமைன் வாங்கினால் நாலு மடங்கு கிடைக்குமா?

இணையதளம் தொடங்குகிறவர் .காம் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் .இன், .நெட் என்று நாலைந்து பெயர்களைச் சேர்த்து வாங்குவதும், எல்லாவற்றிலும் ஒரே கடையைத் திறந்துவைப்பதும் உண்டு. பெயர் கூடினால் கூகுளில் பிடிக்கும் இடமும் கூடும் என்பது அவர் கணக்கு. தேடுபொறியோ அங்கே கூட்டல் போடுவதில்லை, வகுத்தல் போடுகிறது. 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாக மதிப்பிடுகிறது. இன்று தரவரிசையைத் தீர்மானிக்கும் காரணிகள் எத்தனையோ. இணைப்பு இன்னும் அவற்றில் ஒன்று. பத்துப் பேர் உங்களைச் சுட்டி எழுதும்போது ஐந்து பேர் .காமையும், மூன்று பேர் .இன்னையும், இருவர் .நெட்டையும் காட்டினால், பலமான ஒரு தளத்துக்குப் பதிலாக மெலிந்த மூன்று தளங்கள் நிற்கும்.

ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடந்தால் கூகுள் தண்டிக்கும் என்று ஒரு பயமும் உலவுகிறது. ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை அப்படித் தண்டனை இல்லை. பிரதிகளில் ஒன்றை மூலமாக எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஓரங்கட்டுகிறது, அவ்வளவுதான். சங்கடம் என்னவென்றால், நீங்கள் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியே ஓரங்கட்டப்படலாம். எது மூலம் என்று தள உரிமையாளரே சொல்வதற்காக 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 'கெனானிக்கல்' குறிப்பைக் கொண்டுவந்தன. அதைவிட உறுதியான வழி, உபரிப் பெயர்களை 301 எனப்படும் நிரந்தரத் திருப்பிவிடல் மூலம் ஒரே தளத்துக்கு அனுப்புவது. ஆளும் வந்துசேருவார், பழைய இணைப்புகளின் மதிப்பும் வந்துசேரும். பெயரை எழுத்துப்பிழையோடு அடிக்கிறவர்களுக்காகவும், போட்டியாளர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவும் பெயர்களை வாங்கி இப்படித் திருப்பிவிடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. தரவரிசைக்கு லாபமும் இல்லை.

தேடும் சொல்லையே டொமைனாக வைத்தால் மேலே வரலாமே என்பார்கள். ஒருகாலத்தில் அது பலித்தது. 2012 செப்டம்பரில், பெயர் மட்டும் பொருந்தி உள்ளே சரக்கில்லாத தளங்களைக் கூகுள் கீழே இறக்கியது. இதைவிடக் கூர்மையான வாதம் ஒன்று உண்டு. 2019 ஜூன் முதல், ஒரு தேடலின் முன்னணி முடிவுகளில் ஒரே தளத்துக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. அப்படியானால் தளங்களைப் பெருக்குவதுதானே புத்தி? வாதம் சரி, நடைமுறைதான் இடிக்கிறது. ஒரே இடத்துக்கு ஆளை இழுக்கும் வாசல் தளங்களைக் கூகுள் மோசடியாகவே கருதுகிறது. 2015-இல் அவற்றின்மீது பிடியை இறுக்கியது. தனிச் சரக்கு, தனி வாசகர், தனி நற்பெயர் என்று ஒவ்வொன்றையும் வளர்த்தால் தடையில்லை. ஆனால் அது குறுக்குவழி அல்ல, இரண்டு தொழில்.

உண்மையான விதிவிலக்கு, நாடுகள். விலை, நாணயம், டெலிவரி எல்லாம் மாறும்போது .இன், .எல்கே என்று பிரிப்பது நியாயம். எந்த நாட்டுக்கானது என்பதற்கு முகவரியே சாட்சி. தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் முகவரிகளும் உண்டு. வாசகருக்கு அவை நெருக்கமாக இருக்கலாம். எழுத்து தமிழ் என்பதற்காகத் தேடுபொறி தனிச் சலுகை தருவதில்லை. அங்கேயும் புதுத் தளம் தன் இணைப்புகளைத் தானேதான் சம்பாதிக்க வேண்டும்.