மூச்சை எண்ணும் மணிகள்

நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு கைக்குழந்தைக்கு இருமல் என்று வைத்துக்கொள்வோம். வெறும் சளியா, நிமோனியாவா? நிமோனியாவில் நுரையீரல் விறைத்துவிடும். ஆழ மூச்சிழுக்க இயலாமல் குழந்தை வேகமாக மூச்சு விடும். அதை எண்ணினால் போதும்!

50 வரை எண்ணத் தெரியாத ஊழியர் என்ன செய்வார்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பணியாற்றும் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1992-இல் ஒரு கருவியை அறிவித்தனர். அதில் ஒரு நிமிட மணற்கடிகாரமும் இரு வரிசை மணிகளும் உண்டு. 10 மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 6-ஆவது மணி சிவப்பு. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 5-ஆவது. மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால், உடனே சிகிச்சை தேவை.

ஏன் மணல்? நீர்மட்டம் குறையக் குறைய ஒழுக்கு மெதுவாகும். மணலோ ஏறக்குறைய ஒரே சீராகக் கொட்டும். நீங்களும் சோதித்துப் பாருங்களேன்!