40 வயதில் ரிட்டயர்டு... தாய்லாந்தில் செட்டில்! - கனவுக்கு விசா கிடைக்குமா?

அந்த ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். சியாங் மாயில் ஒரு பால்கனி, பின்னால் மலை, கையில் ஐஸ் காபி. `மாசம் ஒரு லட்சம் இருந்தா போதும் பாஸ், ராஜா மாதிரி வாழலாம்' என்று ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு அதைப் பார்க்கும்போது, நம் எஸ்.ஐ.பி-யை இரண்டு மடங்காக்கினால் 40 வயதில் நாமும் கிளம்பிவிடலாமே என்று தோன்றும்.

தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால், அந்த ரீல்ஸில் சொல்லாமல் விடும் முதல் விஷயம், வயது. தாய்லாந்தின் ரிட்டயர்மென்ட் விசாவுக்கு குறைந்தபட்ச வயது 50. உங்களிடம் 10 கோடி இருந்தாலும் 49 வயதில் அந்த விசா கிடையாது.

சரி, 50 ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வங்கியில் 8 லட்சம் பாத் இருப்பு காட்ட வேண்டும். அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். அங்கே தங்கியபடி ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பவர்கள், அந்த 8 லட்சத்தை விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்தே தாய்லாந்து வங்கியில் வைத்திருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்து 3 மாதம் வரை அதைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது, பேங்க்ல பணம் இருக்கும். ஆனா செலவழிக்க முடியாது. உங்கள் ரிட்டயர்மென்ட் கணக்கில் இந்தத் தொகையைச் சேர்க்காதீர்கள். அது தங்குவதற்கான அட்வான்ஸ் மாதிரி.

40 வயதுக்காரர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது, சுற்றுவழியில். 2024-ல் வந்த டி.டி.வி விசாவுக்கு 20 வயது ஆனால் போதும். 5 லட்சம் பாத் சேமிப்பு காட்ட வேண்டும். 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். ஆனால், அது வெளிநாட்டு கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கும், முவே தாய், தாய் சமையல் கற்க வருபவர்களுக்குமானது. `வேலையை விட்டுட்டேன், சும்மா இருக்கப் போறேன்' என்பவருக்கானது அல்ல. இன்னொன்று, தாய்லாந்து ப்ரிவிலேஜ். வயது கேட்க மாட்டார்கள். கோல்டு மெம்பர்ஷிப் 5 வருடத்துக்கு 9 லட்சம் பாத். அது டெபாசிட் இல்லை, கட்டணம். போனது போனதுதான்!

`மலேசியா போனா தமிழே பேசலாமே, பத்துமலை முருகன் வேற இருக்காரு' என்கிறீர்களா? 2024-ல் மாற்றியமைக்கப்பட்ட `மை செகண்ட் ஹோம்' திட்டத்தில் 25 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் சில்வர் பிரிவுக்கே 1,50,000 டாலர் ஃபிக்ஸட் டெபாசிட், நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல். அதுபோக, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டில் வீடு வாங்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் கிடைப்பது குடியுரிமை இல்லை. 5 வருட அனுமதி.

விசாவைவிட மெதுவாக, ஆனால் அதிகமாகக் கடிப்பது ரூபாய்.

நம்மூர் ஃபயர் குரூப்களில் எல்லோரும் சொல்லும் `4 சதவிகித விதி'யை 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் எழுதினார். அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரங்களின் வரலாற்றை வைத்து, 30 வருட ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கு அது. நீங்கள் 40-ல் நிறுத்தினால் 45, 50 வருடம் ஓட்ட வேண்டும். பணம் வளர்வது ரூபாயில், செலவு பாத்தில். 2015-ல் ஒரு பாத் 2 ரூபாய்க்கும் கீழே இருந்தது. இப்போது இரண்டரை ரூபாய்க்கு மேல். மாதம் 40,000 பாத் செலவு என்றால் அன்று 80,000 ரூபாய்கூட ஆகியிருக்காது, இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அங்கே வாடகை ஒரு பாத்கூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த நிலைமைதான். ரீல்ஸ் ராஜாக்களில் பலர் டாலரிலோ யூரோவிலோ சம்பாதித்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பணத்தை அனுப்புவதிலும் ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. இந்தியாவில் வசிப்பவராக ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, படிப்பு, மருத்துவம் போன்ற காரணங்கள் தவிர, 20 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிப்பார்கள். விசா டெபாசிட்டுக்காக 22 லட்சம் அனுப்பினால் 2.4 லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

நிரந்தரமாகக் கிளம்பிவிட்டால், உங்கள் சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டை என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, அது ஃபெமா விதிமீறல். என்.ஆர்.ஓ வட்டியில் 30 சதவிகிதத்துக்கு மேல் டி.டி.எஸ் போகும். இருக்கும் பி.பி.எஃப் முதிர்வு வரை ஓடும். புதிதாகத் தொடங்க முடியாது. அங்கே ஒரு வருடத்தில் 180 நாள் தங்கினால் தாய்லாந்தும் உங்களை வரி கட்டுபவராகப் பார்க்கும். 2024 முதல், நீங்கள் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கும் அங்கே வரி உண்டு. இரு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பது ஆறுதல். கிளம்பும் முன் இதற்கென்றே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்துவிடுங்கள், அந்த ஃபீஸில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

அங்கே போனபின் சொந்த வீடு? வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்கலாம், அதுவும் மொத்தப் பரப்பில் 49 சதவிகிதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. ரிட்டயர்மென்ட் விசாவில் வேலை பார்க்கவும் கூடாது. `பணம் பத்தலைன்னா ஒரு இட்லிக் கடை போட்டுடலாம்' என்ற பிளான் பி அங்கே செல்லாது. 90 நாளுக்கு ஒருமுறை இமிகிரேஷனில் முகவரியைப் பதிய வேண்டும்.

கடைசியாக, அம்மா அப்பா இங்கேதான் இருப்பார்கள். ராத்திரி ஒரு போன் வரும், `உடனே கிளம்பி வா' என்பார்கள். வருட நீட்டிப்பில் இருப்பவர் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் விமானம் ஏறினால், அந்த அனுமதி அத்துடன் காலி. திரும்பிப் போனால் விசா, டெபாசிட், காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. நீட்டிப்பு கையில் கிடைத்த அன்றே, பலமுறை வந்துபோகும் பெர்மிட்டையும் 3,800 பாத் கட்டி வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. கொஞ்சம் முன்கூட்டியே போய்விடுங்கள்.